அந்த லாக் கோப்புகளை அழிக்காதீர்கள்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் விடுதிகளுக்கு அறை கேட்டு வரும் மெயில்கள் ஓயாது. அதே மாதங்களில் இங்குள்ள மர அறுவை மில்களுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து பில் ஆஃப் லேடிங், சுங்கக் காகிதங்கள், கன்டெய்னர் எண்கள் எல்லாம் மெயிலில்தான் வந்து விழும். நான் வேலை பார்க்கும் இடத்தில் குற்றாலத்து விடுதி, தென்காசி மில் இரண்டுக்கும் ஒரே முதலாளி. மெயிலுக்கும் ஒரே சர்வர்: மில் அலுவலகத்தில் ஏசி போட்ட சிறு அறையில் ஓடும் மைக்ரோசாப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வர் 2019.

"மத்தளம்பாறையில ஜோஹோவை வச்சுக்கிட்டு இன்னும் ஏன் அந்தப் பெட்டியைக் கட்டி அழுதீய?" என்று கேட்காத ஆளில்லை. நியாயமான கேள்விதான். 2011 முதல் அந்த நிறுவனம் இங்கே இயங்குகிறது. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மெயிலே இப்போது அவர்கள் தளத்தில்தான் ஓடுகிறது. முதலாளி அண்ணாச்சியின் பதில் எளிமையானது: காசு கொடுத்து வாங்கியாச்சு, ஓடுற வரைக்கும் ஓடட்டும். எனக்கு வேறொரு காரணம் உண்டு. தொலைந்த மெயிலைத் தேடி எடுப்பதில் இந்தச் சர்வர் காட்டும் கெட்டிக்காரத்தனத்தை இத்தனை சீசன்களாகப் பார்த்துப் பார்த்து, அதன்மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. இந்த விமர்சனம் அதைப் பற்றி மட்டும். எத்தனை கோர், எவ்வளவு ராம் என்பதெல்லாம் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். மைக்ரோசாப்ட் பரிந்துரைக்கும் 128 ஜிபி ராமைப் படித்துவிட்டுச் சிரிக்காத சின்ன அலுவலகம் உண்டா என்ன?

முதலில் சாதாரணத் தொலைப்புகள். டெலிட் செய்த மெயில் டெலிட்டட் ஐட்டம்ஸுக்குப் போகும். அங்கிருந்தும் அழித்தால், கண்ணில் படாத ரெக்கவரபிள் ஐட்டம்ஸ் என்ற ஃபோல்டரில் 14 நாள் கிடக்கும். அவுட்லுக்கில் ரெக்கவர் டெலிட்டட் ஐட்டம்ஸை அழுத்தினால் யாரையும் கேட்காமல் அவரவரே எடுத்துக்கொள்ளலாம். முழுப் பெட்டியையே நீக்கிவிட்டாலும் 30 நாளுக்குள் மீட்கலாம். வேலையை விட்டுப் போன வரவேற்பாளரின் பெட்டியை நீக்கிய மறுவாரம், "அட்வான்ஸ் அனுப்பின ரசீது அதுலதான கெடந்துச்சு" என்று விடுதியிலிருந்து போன் வருவது வழக்கம். இரண்டு கெடுவையும் ஒரு கட்டளையில் நீட்டிக்கொள்ளலாம்.

இங்கேதான் எனக்கு முதல் எரிச்சல். ரெக்கவரபிள் ஐட்டம்ஸுக்குள்ளேயே போய் ஒருவர் மெயிலைத் துடைத்தெடுத்தாலும் அதைக் கெடு முடியும்வரை பதுக்கி வைக்கும் சிங்கிள் ஐட்டம் ரெக்கவரி என்றொரு வசதி இருக்கிறது. மைக்ரோசாப்டின் கிளவுடில் இது தொடக்கத்திலேயே இயங்கும் நிலையில் வரும். சொந்தச் சர்வரில் அணைந்த நிலையில் வரும். கோபித்துக்கொண்டு போகிற ஊழியர் கடைசி நாளில் எதையெல்லாம் துடைப்பார் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். மாதச் சந்தா கட்டுபவருக்குக் கேட்காமலே கொடுத்ததை, மொத்தமாகக் காசு கொடுத்தவர் தேடிப் பிடித்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி லாக் கோப்புகள். இந்தச் சர்வரை நான் விடாமல் வைத்திருப்பதே இவற்றுக்காகத்தான்.

எக்ஸ்சேஞ்ச் தன் பெட்டிகளை எல்லாம் இடிபி என்ற ஒரே பெரிய டேட்டாபேஸ் கோப்பில் வைத்திருக்கிறது. ஆனால் வரும் மெயில் நேராக அதில் போய் உட்காருவதில்லை. முதலில் ஒரு லாக் கோப்பில் எழுதப்படும். பிறகு சாவகாசமாக இடிபிக்கு ஏறும். லாக் ஒவ்வொன்றும் 1 எம்பி. ஒன்று நிறைந்ததும் வரிசை எண்ணோடு மூடிவைத்துவிட்டு அடுத்தது திறக்கும். கடைக் கணக்கில் சிட்டையும் பேரேடும் மாதிரி. பேரேடு எரிந்துபோனாலும், பழைய பிரதி ஒன்றும் அதற்குப் பிந்திய சிட்டைகளும் கையில் இருந்தால் கணக்குப்பிள்ளை புதுப் பேரேடு எழுதிவிடுவார். எக்ஸ்சேஞ்சும் அதையேதான் செய்கிறது.

செய்து காட்டியது ஓர் ஆடி மாத வெள்ளிக்கிழமை மாலையில். வெளியே சாரல், காற்று, வந்து வந்து போகும் மின்சாரம். யூபிஎஸ் பேட்டரி கைவிட்டது. சர்வர் திரும்ப எழுந்தபோது இடிபி இருந்த டிஸ்க் எழவில்லை. லாக் கோப்புகள் வேறொரு டிஸ்கில் இருந்தன, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசி முழு பேக்கப் ஞாயிறு இரவு எடுத்தது. அதாவது ஞாயிறு முதல் வெள்ளி வரை வந்த மெயில்கள் எந்த பேக்கப்பிலும் கிடையாது. வாரக்கடைசிக்கு அறை கேட்டவர்களின் மெயில்கள் அத்தனையும் அந்த இடைவெளியில்தான். "தம்பி, எல்லாம் போச்சுன்னு மட்டும் சொல்லிராதிய," என்றார் மில் கணக்காளர்.

முதல் வேலை, டயல் டோன். டெலிபோனை எடுத்ததும் கேட்கிற அதே டயல் டோன்தான். பெயர் வைத்தவர் ரசனைக்காரர். காலியான புது டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்கி எல்லாப் பயனர்களையும் அதற்கு மாற்றிவிட்டால், பழைய மெயில் இல்லாவிட்டாலும் புது மெயில் வரவும் போகவும் தொடங்கிவிடும். அவுட்லுக் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி, தற்காலிகப் பெட்டியில் வேலை செய்கிறீர்களா, கணினியில் இருக்கும் பழைய மெயிலைப் பார்க்கிறீர்களா என்று கேட்கும். விடுதி வரவேற்பறையில் அறைப் பதிவு மறுபடி நடந்தது. பின்னால் நடந்த வேலை எதுவும் வாடிக்கையாளருக்குத் தெரியாது. இதற்குத் தனிக் காசு இல்லை. சர்வரோடு சேர்ந்தே வருகிற வசதி.

பிறகு ஞாயிற்றுக்கிழமை பேக்கப்பை வேறொரு டிஸ்கில் இறக்கி, இஎஸ்இயூடில் என்ற கருவியை எம்ஹெச் சுவிட்சோடு ஓட்டிப் பார்த்தால், திரையில் "டர்ட்டி ஷட்டவுன்". புதிதாகப் பார்ப்பவர்கள் இந்தச் சொல்லைக் கண்டு கலங்கிவிடுவார்கள். ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸை எடுத்த பேக்கப் அப்படித்தான் சொல்லும். பார்க்க வேண்டியது "லாக் ரிக்வயர்டு" என்ற வரியை. எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை லாக் வேண்டும் என்று அது கேட்கும். பேக்கப்போடு வந்த லாக்குகளையும் பிழைத்த டிஸ்கில் இருந்த லாக்குகளையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, எம்எல் சுவிட்சால் சங்கிலி அறாமல் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு, ஆர் சுவிட்சால் ஓட்டினால் போதும். ஒவ்வொரு லாக்காக எடுத்து இடிபியில் ஏற்றும். வேகமாக நடக்கிற வேலை இல்லை. முடிந்ததும் மறுபடி எம்ஹெச் போட்டால் "கிளீன் ஷட்டவுன்". அந்த இரண்டு சொல்லைப் பார்க்கும்போது வரும் நிம்மதியை எந்தப் பளபளப்பான ஆப்பும் எனக்குத் தந்ததில்லை.

அந்தக் கோப்பை ரெக்கவரி டேட்டாபேஸாக ஏற்றி, நியூ-மெயில்பாக்ஸ்-ரெஸ்டோர்-ரிக்வெஸ்ட் என்ற கட்டளையால் ஒவ்வொரு பெட்டியாகப் புதுப் பெட்டிக்குள் கலக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் மெயிலை இரண்டாவது முறை கொண்டுவந்து போடாது; ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சேர்க்கும். கடைசியில் மின்சாரம் போவதற்குச் சற்றுமுன் தூத்துக்குடியிலிருந்து வந்த கன்டெய்னர் மெயில்கூடக் கணக்காளரின் இன்பாக்ஸில் வந்து உட்கார்ந்தது. அவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பிரின்ட் கொடுத்தார்.

இவ்வளவு நல்ல வேலையை மைக்ரோசாப்ட் எங்கே ஒளித்து வைத்திருக்கிறது பாருங்கள். நிர்வாகத்துக்கென்று பிரவுசரில் திறக்கும் அழகான பக்கம் இருக்கிறது. ரெக்கவரி டேட்டாபேஸை அதில் உருவாக்க முடியாது. கருப்புத் திரையைத் திறந்து, முழ நீளக் கட்டளையை எழுத்துப் பிசகாமல் அடிக்க வேண்டும். இந்த வசதி 2010 பதிப்பில் வந்தது. அதற்கு முன்பு ரெக்கவரி ஸ்டோரேஜ் குரூப் என்று ஒன்று இருந்தது. பதிப்புக்குப் பதிப்பு பக்கத்தின் நிறமும் பட்டனின் வடிவமும் மாறின. வீடு பற்றி எரியும்போது தேடுகிற பட்டன் மட்டும் வரவே இல்லை.

இன்னொரு வயிற்றெரிச்சல் லாக் கோப்புகளுக்கு நேரும் கதி. முழு பேக்கப்போ இன்கிரிமென்டல் பேக்கப்போ ஒழுங்காக முடிந்தால்தான் பழைய லாக்குகளைச் சர்வர் தானே நீக்கும். பேக்கப் வாரக்கணக்கில் தோற்றுக்கொண்டிருந்து யாரும் கவனிக்காவிட்டால், லாக் சேர்ந்து சேர்ந்து டிஸ்க் நிறையும், டேட்டாபேஸ் இறங்கிவிடும். அப்போது வந்து பார்க்கும் ஆள், "என்ன இது, ஆயிரக்கணக்கில் குப்பைக் கோப்பு" என்று எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஷிப்ட் டெலிட் அடிப்பார். நடுவில் ஒரே ஒரு லாக் இல்லாவிட்டாலும் அதற்குப் பின்னால் இருப்பவை ஏறாது. சிலர் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று சர்குலர் லாகிங்கைப் போட்டுவிடுவார்கள். லாக் சேராது, உண்மைதான். விபத்து நடந்தால் ஞாயிற்றுக்கிழமை பேக்கப்போடு சரி.

அடுத்தது பி சுவிட்ச். இஎஸ்இயூடிலில் ரிப்பேர் என்று பெயர். பெயரை நம்பி முதல் காரியமாக இதை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். படிக்க முடியாத பக்கங்களை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை நிமிர்த்தி வைப்பதுதான் அது செய்யும் ரிப்பேர். வெட்டிய பக்கத்தில் எந்த மெயில் இருந்தது என்று சொல்லாது. ஓட்டுவதற்கு முன் எச்சரிக்கைப் பெட்டி வரத்தான் செய்கிறது, ஓகே அழுத்துகிற விரலுக்கு அதைப் படிக்க நேரமில்லை. ரிப்பேர் செய்த டேட்டாபேஸை அப்படியே தொடர்ந்து ஓட்டாதீர்கள், பெட்டிகளைப் புது டேட்டாபேஸுக்கு மாற்றிவிடுங்கள் என்பதுதான் மைக்ரோசாப்டின் அறிவுரை.

இடிபி ரிப்பேர் என்று விற்கும் வெளி மென்பொருள்கள் தனி ரகம். பெயர் சொல்ல வேண்டாம், பல நிறுவனங்கள் ஒரே மாதிரிதான். இலவச டெமோவில் ஃபோல்டர் மரம் முழுக்கக் காட்டும், மெயிலின் தலைப்பைக் காட்டும், சிலது உள்ளே இருப்பதையும் காட்டும். சேவ் அழுத்தினால் விலைப்பட்டியல் வரும். லாக்கும் இல்லை, பேக்கப்பும் இல்லை என்ற நிலையில் இவை உதவக்கூடும், மறுக்கவில்லை. லாக் இருக்கும்போது இவற்றை வாங்குவது தெண்டம்.

"கிளவுடில் போட்டுவிட்டால் இந்த வம்பே இல்லையே" என்பார்கள். 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 சதவீதம் பேரின் பெட்டிகள் காலியாயின. கூகுள் அவற்றை மீட்டது டேப்பிலிருந்து. ஆமாம், பழைய காந்த நாடாவிலிருந்துதான். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் ராக்ஸ்பேஸ் நிறுவனம் வாடகைக்கு நடத்திவந்த எக்ஸ்சேஞ்ச் சேவை ரான்சம்வேரில் மாட்டியது. அந்தச் சேவையையே அவர்கள் இழுத்து மூடிவிட்டார்கள். சர்வர் யார் வீட்டில் இருந்தாலும், தனியாக ஒரு பிரதி இருக்கிறதா என்பதைப் பொறுத்தே மெயில் பிழைக்கிறது.

பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜோஹோவின் மேனேஜ்எஞ்சின் பிரிவு ரெக்கவரி மேனேஜர் பிளஸ் என்றொரு மென்பொருள் விற்கிறது. சொந்த மெயில் சேவை வைத்திருப்பவர்களே போட்டியாளரான மைக்ரோசாப்டின் பெட்டிகளுக்கும் காவல் வேலை பார்க்கிறார்கள், நல்ல வியாபாரம். தொலைந்தது ஒரே ஒரு மெயில் என்றால் அதை மட்டும் பிரவுசரில் தேடித் திருப்பி வைக்கலாம். மேலே சொன்ன கருப்புத் திரைக் கூத்து தேவையில்லை. ஆனால் கடைசியாக பேக்கப் ஓடிய நேரம் வரைதான் அது மீட்கும். கடைசி நிமிடம் வரை கொண்டுவர லாக்தான் வேண்டும். அதனால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அண்ணாச்சியிடம் இன்னும் பில் நீட்டவில்லை.

தீர்ப்பு: 2019 பதிப்புக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. சொந்தச் சர்வரைத் தொடர விரும்பினால், 2025 ஜூலையில் வந்த சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனுக்கு மாறித்தான் ஆக வேண்டும்; கடைசி அப்டேட்டில் இருக்கும் 2019 மேலேயே அதை ஏற்றிவிடலாம். பேக்கப் முடிந்ததா என்று வாரம் ஒருமுறையாவது பார்க்க ஓர் ஆள் இருந்தால் தாராளமாக மாறுங்கள், மீட்பில் இதை அடிக்க ஆளில்லை. அப்படி ஓர் ஆள் இல்லாத சின்ன அலுவலகம் என்றால் இந்தச் சர்வர் வேண்டாம், ஜோஹோ மெயிலுக்குப் போய்விடுங்கள். போனாலும் ஒரு பிரதி தனியாக எடுத்து வையுங்கள்.

ஏற்கெனவே எக்ஸ்சேஞ்ச் ஓட்டுகிறவர்கள் இந்த வாரமே மூன்றைப் பாருங்கள். இடிபியும் லாக்கும் தனித்தனி டிஸ்கில் இருக்கின்றனவா? சர்குலர் லாகிங் அணைந்திருக்கிறதா? சிங்கிள் ஐட்டம் ரெக்கவரி போடப்பட்டிருக்கிறதா? அணைந்திருந்தால், எல்லாப் பெட்டிகளுக்கும் அதைப் போட ஒரே வரிக் கட்டளை போதும்.