முப்புரி
நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்துக் கிணற்றடிகளில் முப்புரிக் கயிற்றைப் பார்த்தால் எனக்குக் கொலாஜன் ஞாபகம்தான். எர்ணாகுளத்தில் பிறந்த ஜி. என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-55இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்த வடிவம் அது: ஒன்றையொன்று சுற்றிய மூன்று புரதச் சங்கிலிகள். ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின். அமினோ அமிலங்களிலேயே சிறியது. வேறெதுவும் அந்த நடு இடுக்கில் அடங்காது. எவ்வளவு சிக்கனமான விதி! ஆராய்ந்ததோ கங்காரு வாலின் தசைநாணை. தந்தது அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனம்.

ரத்தக்குழாய்ச் சுவருக்கு வலுத் தருவது இந்த முறுக்கு. புதுக்குழாய் தளிர்க்க, நொதிகள் பழைய குழாயின் அடிச்சவ்விலுள்ள கொலாஜனை அறுத்து வழிவிட வேண்டும். வேடிக்கை, பதினெட்டாம் வகைக் கொலாஜனின் நுனியில் முறுக்கின்றி உருண்டு மடிந்திருக்கும் எண்டோஸ்டாட்டின் அறுந்து விழுந்தால், அந்த வளர்ச்சியையே தடுக்கிறது. 1997இல் பாஸ்டனில் ஜூடா ஃபோக்மன் குழு அதை அடையாளம் கண்டது.