போட்டோவில் இல்லாத நாள்

நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வரும் அம்மாவிடம் "சாப்ட்டியா?" என்று போனில் கேட்டால், "போட்டோ புடிச்சாச்சு" என்பாள். முதலில் சிரித்தேன். கேள்வி ஒன்று, பதில் வேறு. கொஞ்ச நாள் கழித்துத்தான் அது பொருத்தமான பதில் என்று புரிந்தது. போட்டோ பிடித்தால்தான் அந்த நாள் நாளாகக் கணக்கில் ஏறும். சோறு அதற்குப் பிறகுதான்.

எங்கள் ஊர் பனவடலிசத்திரம். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில், தேவர்குளம், வன்னிக்கோனேந்தல் தாண்டி வரும் ஊர். வானம் பார்த்த பூமி. வழியெல்லாம் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். நான் திருநெல்வேலியில் ஒரு தனியார் கல்லூரியில் கணினிப் பயன்பாட்டியல் பாடம் எடுக்கிறேன். செயலிகள் எப்படி நேரத்தை மிச்சப்படுத்துகின்றன என்று வகுப்பில் பேசிவிட்டு, வாரக் கடைசியில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தால், ஒரு செயலி என் அம்மாவின் நேரத்தைத் தின்றுகொண்டிருக்கும். இந்த இரண்டையும் ஒரே வாயால் எப்படிப் பேசுவது என்ற சங்கடத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

தொழில்நுட்பமும் வேலையும் பற்றித் தமிழில் வரும் பெரும்பாலான கட்டுரைகள் ஒரே கேள்வியைத்தான் சுற்றி வருகின்றன: செயற்கை நுண்ணறிவு யாருடைய வேலையைப் பறிக்கும்? மென்பொருள்காரரின் வேலையையா, மொழிபெயர்ப்பாளரின் வேலையையா, வங்கி ஊழியரின் வேலையையா? அந்தக் கேள்வியில் மண் வெட்டும் பெண் வருவதே இல்லை. இயந்திரம் அவளிடம் இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். அவளிடம் அது எப்போதோ வந்துவிட்டது. அவளுடைய மம்பட்டியை அது வாங்கிக்கொள்ளவில்லை. மேஸ்திரியாக வந்து நிற்கிறது.

அந்த மேஸ்திரியின் பெயர் என்.எம்.எம்.எஸ். தேசியக் கைபேசிக் கண்காணிப்பு முறை என்று தமிழில் சொல்லலாம். ஒன்றிய அரசு 2021 மே மாதம் இதை அறிமுகப்படுத்தியது. 2022-இல் இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் கட்டாயமாக்கியது. 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயனாளிகளுக்கான பணிகள் தவிர மற்ற எல்லாப் பணித்தளங்களிலும் கட்டாயம். ஒரு நாளில் இரண்டு முறை, வேலை செய்பவர்களை நிறுத்தி, நேரமும் இடமும் பதியும்படி படம் எடுத்து ஏற்ற வேண்டும். தமிழ்நாட்டில் இந்தத் திட்டத்தின் மனித உழைப்பு நாட்களில் 85 சதவீதத்துக்கு மேல் பெண்களுடையவை. ஆகவே இங்கே இது பெண்களைப் படம் பிடிக்கும் செயலி என்று சொன்னால் மிகையில்லை.

ஒருநாள் குளத்துவேலை. அம்மா காலையில் போய் மதியம் தாண்டி வந்தாள். இரண்டு வாரம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது அந்த நாள் இல்லை. படம் ஏறவில்லையாம். எங்கே போய்க் கேட்பது என்று தெரியாமல் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர் கெட்டவர் இல்லை. மரியாதையாகத்தான் பேசினார். "சிஸ்டத்துல இல்லம்மா, நான் என்ன செய்ய?" என்றார். அம்மா கேட்டாள்: "நான் வெட்டுன மண்ணு அங்கதானய்யா கெடக்கு. வந்து பாருங்க." அவர் பார்க்க வரவில்லை. வந்து பார்த்திருந்தாலும் மண்ணை ஏற்றிக்கொள்ள அந்தச் செயலியில் இடம் கிடையாது.

அம்மா அதற்கு முன்னால் பல வருடம் பீடி சுற்றியவள். எங்கள் பக்கத்தில் பாதிப் பெண்களின் கதை அது. கடையில் கொண்டுபோய் வைத்தால், கட்டைப் பிரித்துப் பார்த்து, இது சரியில்லை, அது சரியில்லை என்று கழித்துவிடுவார்கள். கழித்த பீடிக்குக் கூலி கிடையாது. அது அநியாயம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அங்கே கழித்தவர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அம்மா அவரோடு சண்டை போட்டிருக்கிறாள். ஒருமுறை தட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். மறுநாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். சிஸ்டத்தோடு எப்படிச் சண்டை போடுவது? அதற்கு முகமில்லை. தவறு செய்தது யார் என்று கேட்டால் பொறுப்பாளர் நெட்வொர்க்கைக் காட்டுவார், ஊராட்சி ஒன்றியத்தைக் காட்டும், ஒன்றியம் டெல்லியைக் காட்டும். சுரண்டல் புதிதல்ல. சுரண்டலுக்கு எதிரே நின்று பேசக்கூடிய இடம் காணாமல் போனதுதான் புதிது.

இரண்டு போட்டோக்களுக்கு நடுவில் இருக்கும் நேரத்தைப் பற்றியும் பேச வேண்டும். இந்த வேலையின் கூலி வேலையின் அளவை வைத்துக் கணக்கிடப்படுவது. முன்பெல்லாம் பெண்கள் வெயிலுக்கு முன்னால் வந்து, ஒதுக்கிய அளவை வெட்டி முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆட்டுக்குக் குழை ஒடிக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், மிச்ச நேரத்தில் பீடித் தட்டை மடியில் வைக்க வேண்டும். இப்போது வேலை முடிந்தாலும் இரண்டாவது போட்டோவுக்காக உடைமர நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலைக்காகக் காத்திருந்தால் புரியும். வேலை செய்ததற்குச் சாட்சியாகத் தன் உடம்பைக் கொண்டுவந்து நிறுத்துவதற்காகக் காத்திருக்கிறார்கள்.

இந்தக் காத்திருப்புக்கு ஆணும் பெண்ணும் ஒரே விலை கொடுப்பதில்லை. 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேர வீட்டுவேலை காத்திருக்கும் ஒருத்தியை இரண்டு மணி நேரம் நிழலில் உட்காரவைத்தால், அந்த இரண்டு மணி நேரம் அவளுடைய தூக்கத்திலிருந்துதான் போகும். வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் எழுதிய 'மோர் வொர்க் ஃபார் மதர்' நூலில், அமெரிக்க வீடுகளுக்குள் இயந்திரங்கள் வந்த பிறகும் இல்லத்தரசியின் வேலைநேரம் ஏன் குறையவில்லை என்று ஆராய்ந்தார். ஒரு கருவி மிச்சப்படுத்தும் நேரம் யார் கைக்குப் போகிறது என்ற கேள்வியை அவரிடமிருந்து நான் கற்றேன். இங்கே அதைத் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது: ஒரு கருவி வீணாக்கும் நேரம் யார் கையிலிருந்து போகிறது?

படம் எடுப்பவரும் பெண்தான். பணித்தளப் பொறுப்பாளர் என்று பெயர். எங்கள் ஊர்ப் பக்கம் இந்த வேலை பார்க்கும் அக்கா ஒருவர் தன் சொந்த போனில்தான் எல்லாம் செய்கிறார். ரீசார்ஜ் அவர் காசு. சிக்னல் இல்லாவிட்டால் கரைமேல் ஏறி நிற்பார், அங்கேயும் இல்லாவிட்டால் ரோட்டுக்கு வருவார். படம் ஏறாவிட்டால் முப்பது பெண்களின் கோபம் அவர்மேல். "எனக்கு மட்டும் தனிச் சம்பளமா குடுக்காக?" என்று அவர் கேட்டது நியாயம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியப் பெண்களில் தாங்களே பயன்படுத்தும் கைபேசி வைத்திருப்பவர்கள் சுமார் 54 சதவீதம். ஸ்மார்ட்போன் என்றுகூடச் சொல்லவில்லை, ஏதாவதொரு கைபேசி. அப்படிப்பட்ட நாட்டில், பெண்கள் பெரும்பான்மையாக வேலை செய்யும் திட்டத்தின் வருகைப்பதிவைக் கைபேசியில் வைத்துவிட்டு, கைபேசியை அவர்களே கொண்டுவர வேண்டும் என்பது எளிய ஏற்பாடு அல்ல. அரசின் செலவை ஒரு பெண்ணின் சேலை முந்தானைக்கு மாற்றும் ஏற்பாடு.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அதை நான் என் வீட்டிலேயே கேட்டிருக்கிறேன். "முன்னால வேலைக்கே வராம பேரு எழுதிக்கிட்டு ரூவா வாங்குன ஆளுக இருந்தாவல்லா" என்றாள் அம்மா. உண்மைதான். போலிப் பெயர்கள் இருந்தன. அந்தப் பணம் வேலை செய்தவர்களின் வயிற்றிலிருந்து போன பணம். அதைத் தடுக்க ஏதாவது வேண்டும் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகம் இல்லை. எனக்கும் இல்லை.

ஆனால் இந்தச் செயலி அதைத் தடுத்ததா? 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை, நடக்கும் தில்லுமுல்லுகளை வரிசையாகச் சொல்கிறது. சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், படத்தையே திரும்பப் படம் எடுக்கிறார்கள், ஒரே ஆட்களின் படத்தைப் பல பதிவேடுகளில் காட்டுகிறார்கள், பதிவேட்டில் உள்ள ஆண், பெண் எண்ணிக்கையும் படத்தில் உள்ளதும் பொருந்தவில்லை. இதற்கு அமைச்சகம் கண்ட தீர்வு, ஏற்றப்படும் படங்கள் அனைத்தையும் ஊராட்சி அளவில் மனிதர்கள் சரிபார்க்க வேண்டும் என்பது. அதாவது, மனிதர்களை நம்ப முடியாது என்று இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். இயந்திரத்தை நம்ப முடியாது என்று இப்போது மனிதர்களைக் கேட்கிறார்கள். ஏமாற்றத் தெரிந்தவன் போட்டோவையே போட்டோ எடுத்துவிட்டான். மண் வெட்டிய என் அம்மாவின் நாள் மட்டும் போய்விட்டது.

'வெளிப்படைத்தன்மை' என்ற சொல்லைச் சொல்லித்தான் இதையெல்லாம் நியாயப்படுத்துகிறார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஞாபகப்படுத்திக்கொள்வது நல்லது. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1994 முதல் ஊர் ஊராக ஜன சுன்வாயி நடத்தியது. அரசுப் பணிகளின் பதிவேடுகளை ஊர்க்கூட்டத்தில் உரக்க வாசித்தார்கள். செத்தவர் பெயரும் வராதவர் பெயரும் வெளியே வந்தன. அந்தக் கூட்டங்களில் எழுத்தறியாத பெண்களும் எழுந்து நின்று பேசினார்கள். "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பது அவர்கள் முழக்கம். அந்தப் போராட்டத்தின் நீட்சியாகத்தான் 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அதே ஆண்டு வந்த வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, கிராம சபை சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்றது. அங்கே வெளிப்படைத்தன்மை என்றால் கீழே இருப்பவர் மேலே இருப்பவரின் கணக்கைப் பார்ப்பது. செயலியில் மேலே இருப்பவர் கீழே இருப்பவரின் உடம்பைப் பார்க்கிறார். சொல் அதேதான். பார்வையின் திசை தலைகீழாகிவிட்டது.

திசை மாறியதற்குக் கணக்கே சாட்சி. வேலை உறுதிச் சட்டம் தொழிலாளிக்கு என்னென்ன சொன்னது? பணித்தளத்தில் குடிநீர், நிழல், முதலுதவி. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேர் வந்தால் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். பதினைந்து நாளுக்குள் கூலி. இவற்றில் ஒன்றையாவது அந்தப் போட்டோ கேட்கிறதா? தண்ணீர்க் குடத்தைப் படம் எடு என்று சொல்கிறதா? பெண் வந்தாளா என்பதற்கு நிமிடக் கணக்கு இருக்கிறது. கூலிக்கோ, 2024 நவம்பர் கடைசியிலிருந்து தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்கு வர வேண்டிய பணம் வரவில்லை. 1,056 கோடி ரூபாயை விடுவிக்கக் கோரி முதலமைச்சர் 2025 ஜனவரியில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் காத்திருந்தோம். அம்மா வங்கிக்குப் போய்ப் போய் வந்தாள். அவள் ஒரு போட்டோ தவறினால் அந்த நாளின் கூலி போய்விடும். அரசு நாலு மாதம் தவறினால் யாருக்கு என்ன போகும்?

செயலி எழுதக் கற்றுக்கொடுப்பவள் என்பதால் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். ஒரு படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்பாமல் மேலே போக முடியாது என்பதைக் கணினி தீர்மானிப்பதில்லை. அதை எழுதச் சொல்கிறவர் தீர்மானிக்கிறார். தண்ணீர் இருந்ததா, நிழல் இருந்ததா என்ற கட்டங்களைக் கட்டாயமாக்குவது ஒரு மதிய நேர வேலை. வருகை பதிந்ததற்கான ரசீது அன்றைக்கே தொழிலாளியின் கையில் கிடைக்கும்படி செய்வதும் பெரிய வித்தை அல்ல. கூலி பதினாறாவது நாள் வராவிட்டால் தாமத இழப்பீடு தானாகவே கணக்கில் ஏறும்படி செய்யவும் முடியும். இவை செய்ய முடியாதவை அல்ல, யாரும் செய்யச் சொல்லாதவை. தென்காசி மாவட்டத்தில் மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் 2011 முதல் மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறது. கிராமத்திலிருந்து உலகத்துக்கு மென்பொருள் போகிறது என்று பெருமைப்படும் அதே மாவட்டத்தில், என் அம்மாவின் ஒரு நாளை ஒரு மென்பொருளில் மீட்டெடுக்க முடியவில்லை என்றால் அது அறிவுக் குறைவால் அல்ல.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் வேலை உறுதிச் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. நாட்கள் 125 என்கிறார்கள், செலவில் மாநிலத்தின் பங்கு 40 சதவீதம் என்கிறார்கள். பயோமெட்ரிக்கும் செயற்கை நுண்ணறிவும் இப்போது சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டன. போட்டோவின் இடத்தில் முகத்தை அடையாளம் காணும் கருவி வரும். வெயிலில் கறுத்து, தலையில் துண்டு கட்டி, கண்புரையோடு நிற்கும் முகங்களை அது எப்படிப் பார்க்கும் என்பது நம் கவலையாக இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய கவலை, நாம் இன்னும் அந்தக் கருவியின் தரத்தைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருப்பது. எவ்வளவு துல்லியமாகப் பார்த்தாலும் அது ஒரு பக்கம் மட்டுமே பார்க்கிறது.

2023 பிப்ரவரியில் டெல்லி ஜந்தர் மந்தரில் வேலை உறுதித் தொழிலாளர்கள் இந்தச் செயலிக்கு எதிராக நூறு நாள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தப் படங்களைப் பார்த்தபோது, எங்கள் ஊரில் ஒரு கிராம சபையிலாவது இதைப் பேச வேண்டும் என்று தோன்றியது. போன முறை கிராம சபைக்கு அம்மாவும் நானும் போனோம். வருகைப்பதிவை வாசித்துக் காட்டுங்கள் என்று அம்மா கேட்டாள். ஆன்லைனில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். "எனக்கு ஆன்லைன் தெரியாது. வாயால வாசிங்க" என்றாள். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் நாலைந்து பேரும் "வாசிங்க" என்றார்கள். கொஞ்ச நேரம் சலசலப்பு. பிறகு ஒருவர் போனை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். பன்னிரண்டு பெயர் வரை வாசித்தார், சார்ஜ் இல்லை என்று நிறுத்திவிட்டார். மிச்சத்தை அடுத்த கிராம சபையில் கேட்கப் போகிறோம். இந்த முறை சார்ஜரையும் நாங்களே கொண்டுபோகிறோம்.