சினைச் செம்மறியின் வயிற்றுக்குள்ளே

ஆய்வுக்கூடத் தொழுவத்தில் சினைச் செம்மறி நிதானமாக அசைபோடுகிறது. அதன் விலாவில் மெல்லிய குழாயின் நுனி. மறுமுனை, பிறக்காத குட்டியின் ரத்தநாளத்துக்குள். கருப்பையைத் திறந்து, அதைச் செருகி, மறுபடி தைத்து மூடிய கைகளின் நேர்த்தி அபாரம். இரண்டு உயிரும் தேறும்வரை சில நாள் பொறுத்திருந்துதான் ரத்தம் எடுப்பார்கள். ஆக்சிஜன் குறைவு என்பதால் கருஞ்சிவப்பாக வரும். அதில் குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸே அதிகம். நஞ்சுக்கொடி தயாரித்துத் தரும் சர்க்கரை அது.

சுமார் 147 நாள் சினைக்காலத்தின் கடைசி இரு வாரங்களில் குட்டியின் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனை மெல்ல மெல்லக் கூட்டுகிறது. கல்லீரலில் கிளைக்கோஜன் சேர்கிறது. நுரையீரல் மூச்சுக்குப் பதமாகிறது. பிரசவத்தைத் தொடங்கிவைப்பதும் அதே கார்ட்டிசால்தான். நியூசிலாந்து மருத்துவர் கிரகாம் லிக்கின்ஸ் இதைச் செம்மறிகளிடம் கற்றதால்தான், குறைமாதப் பிரசவம் நெருங்கும் தாய்க்கு, குழந்தையின் நுரையீரல் பதமாக, இன்று ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள்.