டைக்ஸ்ட்ராவின் கடற்கரைப் படங்கள்: ஒளியும் வரலாறும்

கடற்கரையை இயற்கை ஒளியின் இருப்பிடமாகக் கருதுவதே ஒளிப்படக் கலை பற்றிப் பேசுவோரின் வழக்கம். ஹங்கேரியரான மார்ட்டின் முன்காச்சி 1933இல் 'ஹாப்பர்ஸ் பஸார்' சஞ்சிகைக்காக ஒரு மொடலை லோங் ஐலன்ட் கடற்கரையில் ஓடச்செய்து படமெடுத்தார். நவநாகரிக உடைப் படங்கள் ஸ்ரூடியோவை விட்டு வெளியே வந்தமைக்கு அப்படத்தையே முன்னோடியாகக் காட்டுவர். ஆயின் விளக்கு ஸ்ரூடியோவிலேயே தங்கிவிடவில்லை. 'பிளாஷ்' எனப்படும் மின்னொளி விளக்கு கையிற் கொண்டுசெல்லத்தக்கதானதும், அதுவும் மொடலைத் தொடர்ந்து கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. உச்சிவெயில் முகத்தில் வீழ்த்தும் நிழல்களைத் துடைத்து, விற்கவேண்டிய உடையையும் அதனைத் தாங்கும் உடலையும் மாசுமறுவின்றிக் காட்டுவதே அதன் பணியாயிற்று.

இதே கருவியை வேறொரு நோக்குடன் கையாண்டவர் ஒல்லாந்து நாட்டவரான ரினெக்கே டைக்ஸ்ட்ரா. 1992இல் தொடங்கிய அவரது கடற்கரைப் படவரிசையில் இடம்பெறுவோர் தொழில்முறை மொடல்கள் அல்லர். குளிக்க வந்த சிறுவரும் இளைஞருமே. முக்காலியில் நிறுத்திய பெரிய கமராவில் ஒவ்வொரு தாளாகப் படச்சுருளை இட்டு எடுக்கும் முறை அவருடையது. நிற்பவருக்கு அவர் கூறும் அறிவுறுத்தல் மிகக் குறைவு. கையை எங்கே வைப்பது என்பதைக்கூடத் தானே தீர்மானிக்கவேண்டிய நிலையில், பழகிய பாவனைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடுகின்றன. விளம்பரப் படம் மறைக்க முயலும் அந்தத் தடுமாற்றமே இங்கு படத்தின் பொருளாகிறது.

விளக்கின் செயற்பாட்டையும் இங்கு நோக்குதல் வேண்டும். தூரம் இருமடங்காகும்போது விளக்கொளி நான்கிலொன்றாகக் குறையும். ஆகவே அருகில் நிற்கும் உடலை அது தொடும்; பின்னாலுள்ள கடலை எட்டாது. பகலொளியைச் சற்றே குறைத்துப் பதிவுசெய்தால் வானும் நீரும் மங்கி, உருவம் மட்டும் துலக்கமாய் முன்னெழும். கமராவும் தாழ்வாக அமைவதால், ஒல்லியான ஒரு சிறுவனும் சிலைபோல் உயர்ந்து தோன்றுகின்றான்.

இத்தனிமைப்படுத்தலைக் கண்டே விமர்சகர் பலர் இப்படங்கள் இடத்தையும் காலத்தையும் கடந்தவை என்கின்றனர். போலந்தின் கொலோப்ஷெக் கடற்கரையில் 1992 யூலை 26ஆந் திகதி எடுக்கப்பட்ட படத்தில், வெளிர்பச்சை நீச்சலுடையில் ஒரு காலில் உடலின் பாரத்தைத் தாங்கி, தலையைச் சற்றே சாய்த்து ஒரு சிறுமி நிற்கின்றாள். அவளைப் பொட்டிசெல்லியின் வீனசுடன் ஒப்பிடுவது ஏறத்தாழ ஒரு மரபாகவே ஆகிவிட்டது. ஒப்புமை பொய்யன்று, போதாதது. 1989இல் போலந்தின் ஆட்சியமைப்பு மாறி மூன்றாண்டுகளே கடந்திருந்த வேளையில் எடுக்கப்பட்ட படம் இது. ஒரு மாதத்துக்கு முன், யூன் 24ஆந் திகதி, அமெரிக்காவின் ஹில்டன் ஹெட் தீவில் எடுக்கப்பட்ட படத்தை இதனருகே வைத்தால் வரலாறு தானே பேசும். செம்மஞ்சள் நீச்சலுடையும் முகவொப்பனையும் அணிந்த அந்த அமெரிக்கச் சிறுமி, காற்றில் அலையும் கூந்தலை ஒரு கையாற் பற்றியவாறு நிற்கின்றாள். சஞ்சிகைகளில் தான் கண்ட மொடலாகிவிட அவள் முயல்வது தெரிகிறது. அம்முயற்சியின் கலக்கம் கண்களில் உறைந்திருக்கிறது. போலந்துச் சிறுமிக்கு அத்தகைய முன்மாதிரி எதுவும் மனதில் இருந்ததாகத் தோன்றவில்லை. சந்தை ஒரு பெண்ணின் உடலுக்குள் எவ்வளவு ஆழமாகப் புகுந்துள்ளது என்பதை இவ்விரு படங்களைப்போல் உணர்த்துவன அரிது. வீனசின் பெயரைச் சொல்லி இதனைக் கடந்துசெல்வது விமர்சனத்தின் சோம்பலேயாகும்.

எனினும் இவ்வாசிப்பிலும் ஓர் ஆபத்து உண்டு. படங்களின் தலைப்புகள் இடம், நாடு, திகதி ஆகியவற்றையே தருகின்றன. நிற்பவரின் பெயர் இல்லை. சிறுவரின் பெயரை வெளியிடாமை அவர்களுக்குப் பாதுகாப்பு என்பது ஏற்கத்தக்க வாதமே. ஆனால் பெயர் அகன்ற இடத்தில் நாடு வந்து அமர்ந்துவிடுகிறது. ஒருத்தி போலந்தாகின்றாள், மற்றவள் அமெரிக்காவாகின்றாள். விளக்கு சூழலிலிருந்து பிரித்தெடுத்த உடலின்மீது தலைப்பு ஒரு தேசத்தையே ஏற்றிவைக்கிறது. எவரை எந்தக் கரையில் நிறுத்துவது என்னும் தெரிவு டைக்ஸ்ட்ராவினுடையது. நிற்பவருக்கு எஞ்சுவது எவ்வாறு நிற்பது என்பது மட்டுமே. ஒப்பனையின்றிக் குளித்த பெண்கள் ஹில்டன் ஹெட்டிலும் இருந்திருப்பர். உதட்டுச்சாயத்துடன் வந்தவர்கள் கொலோப்ஷெக்கிலும் இருந்திருப்பர். இவ்விரு படங்களிலும் விளக்கு அவர்களை நோக்கித் திருப்பப்படவில்லை.