பெற்றோர் கூட்டமும் பிள்ளையின் மனமும்

மாணவரின் மனநலத்தில் பள்ளியும் வீடும் கைகோக்க, தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ள வழி பெற்றோர்–ஆசிரியர் கூட்டம். அதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது; அதன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தக் குழு கட்டாயமில்லை. மதிப்பெண் நெருக்கடி மிகுந்த விடுதிப் பள்ளிகள் பலவும் அந்த வகையைச் சேர்ந்தவை என்பது பெரிய ஓட்டை.

இந்த ஏற்பாட்டின் பலம், இரண்டு தரப்பும் பார்ப்பது பாதிப் பாதி என்பதில் இருக்கிறது. வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு அழுகையாகவே வரவேண்டும் என்பதில்லை. எரிச்சல், தூக்கக் கேடு, காரணம் தெரியாத வயிற்றுவலி என்றும் வரும். இரவு இரண்டு மணிக்கு விழித்திருப்பது தாய்க்குத் தெரியும். மதிய உணவு வேளையில் தனியே உட்கார்வது வகுப்பாசிரியருக்குத் தெரியும். தனித்தனியே பார்த்தால் வீட்டில் அது ‘வயசுக் கோளாறு’, பள்ளியில் ‘கவனக்குறைவு’. சேர்த்துப் பார்த்தால்தான் பிள்ளை துன்பப்படுவது புரியும். மனநலச் சிக்கல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள் தொடங்குகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது, ஒன்பதாம் வகுப்பை எட்டும் முன்பே பலருக்கு உதவி தேவைப்படுகிறது.

கூட்டம் நடக்கும் விதமோ வேறு. மேசையில் மதிப்பெண் பட்டியல், எதிரே நின்றபடி தாய், பக்கத்தில் தலைகுனிந்த மகன். “வீட்டுல படிக்கிறானா, இல்ல செல்லுதானா?” என்று ஆசிரியர் கேட்கிறார். “நீங்களே நல்லா கண்டிங்க டீச்சர்” என்கிறார் தாய். கையெழுத்து போட்டதும் அடுத்தவர் முறை. மாலையில் வீட்டில் அடி விழுகிறது. பெரியவர்கள் இருவரும் சேர்ந்தால் தனக்கு எதிராகத்தான் சேர்வார்கள் என்பதே அந்தப் பையன் கற்கும் பாடம். அதன்பின் அவன் இருவரிடமும் மறைப்பான். இந்த நடைமுறையின் ஆகப் பெரிய குறை இதுதான். நேரமும் ஆள்பலமும் இல்லாதது அதற்கு அடுத்தபடிதான்.

அந்தக் குறையும் சிறியதல்ல. கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்குக் கூட்டம் என்பது ஒரு நாள் சம்பள இழப்பு. தந்தை வளைகுடாவில் இருக்கும் வீட்டிலிருந்து பாட்டி வந்து கைநாட்டு வைத்துப் போகிறார். பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் மிகச் சிலரே. 14417 கல்வி உதவி எண்ணும், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் மனநல ஆலோசனைச் சேவையின் 14416 எண்ணும் பயனுள்ளவை. ஆனாலும் தினமும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் ஆசிரியரின் இடத்தைத் தொலைபேசி நிரப்பாது.

பொதுத்தேர்வு முடிவுகளில் முதலிடப் பட்டியல் வெளியிடுவதை 2017இல் தமிழக அரசு நிறுத்தியது வரவேற்கத்தக்க முடிவு. ஆயினும் பள்ளி வாசல் ஃபிளெக்ஸ் பலகைகளிலும் உறவினர் தொலைபேசி விசாரிப்புகளிலும் அந்தப் பட்டியல் உயிரோடு இருக்கிறது. அந்த நெருக்கடியைக் கூட்டத்திலாவது குறைக்கலாம்: மதிப்பெண்ணைக் கடைசிக்குத் தள்ளி, தூக்கம், உணவு, நண்பர்கள் பற்றி முதலில் பேசி, பிள்ளையையும் உட்காரவைத்துக் கேட்கும் கூட்டத்துக்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை.

ரகசியம் காப்பதில் இன்னும் கவனம் வேண்டும். நம்பிச் சொன்னதை ஆசிரியர் அன்றைக்கே வீட்டுக்குச் சொல்லிவிட்டால் மாணவி மறுபடி வாய் திறக்கமாட்டாள். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியே ஆகவேண்டும். அப்போதும் யாரிடம், எதைச் சொல்லப்போகிறோம் என்பதை முதலில் அவளிடம் சொல்வதே நியாயம். துன்பத்துக்குக் காரணமே வீட்டில் இருக்கும்போது கூட்டு முயற்சி என்ற வழியே அடைபடுகிறது. பாலியல் வன்முறை என்றால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். வீட்டிலேயே காரணம் இருக்கும் அத்தகைய நிலையில் பெற்றோருக்குச் சொல்லி அனுப்பும் முன் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழைக்க வேண்டும்.