ஈ, தா, கொடு: 'எரியும் பனிக்காடு' நாவலில் இரப்பும் உரிமையும்

ஒன்றைக் கேட்டற்குரிய சொற்கள் மூன்றனைத் தொல்காப்பியர் சொல்லதிகார எச்சவியலில் வகுத்துரைக்கின்றார். ஈ என்பது இழிந்தோன் கேட்கும் சொல். தா என்பது ஒப்போன் சொல். கொடு என்பது உயர்ந்தோன் சொல். கேட்கப்படும் பொருள் ஒன்றே. கேட்பவன் நிற்கும் இடத்தால் சொல் வேறாகின்றது. மேலும், கொடு என்பது படர்க்கைக்குரிய சொல் என்பதும் அவர் கருத்து. உயர்ந்தோன் தனக்கே ஒன்றைக் கேட்குங்காலும் தன்னைப் பிறன்போலக் கூறும் குறிப்பினால்தான் அச்சொல் தன்னிடத்துப் பொருந்தும் என்கின்றார். வகுப்பறையில் இவ்விதிகளை மரபுவழுவமைதி பற்றிய செய்தியாக மட்டும் கற்பித்துக் கடந்து விடுகின்றோம். மனிதர் நிற்கும் இடத்தைச் சொல் காட்டிக்கொடுக்கும் என்னும் உண்மை அவற்றுள் உண்டு. அதனைத் துணைக்கொண்டு ஒரு நாவலையும் அந்நாவல் பேசும் தோட்டத் தொழிலாளர்க்கென இயற்றப்பட்ட ஒரு சட்டத்தையும் சேர்த்து ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' என்னும் நாவல் 1969-இல் வெளிவந்தது. அது இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்னும் பெயருடன் 2007-இல் தமிழுக்கு வந்தது. நெல்லைச் சீமையின் சிற்றூரினனாகிய கருப்பனும் அவன் மனைவி வள்ளியும் பஞ்சத்தால் நலிந்து, மேஸ்திரி ஒருவனிடம் முன்பணம் பெற்று மலையேறுகின்றனர். ஏறியபின் இறங்க இயலாமற் போகின்றது. கதையின் எலும்புக்கூடு இவ்வளவே. மேஸ்திரி என்னும் சொல் போர்த்துக்கீசிய மொழியினின்று வந்தது. ஆசான், கைவினை வல்லோன் என்பன அதன் பழம்பொருள். அச்சொல் ஆள்பிடிப்போனைக் குறிக்கும் அளவுக்குத் தாழ்ந்த வரலாறு தனியே ஆராய்தற்குரியது. தேயிலைத் தோட்டத்தைப் பாடிய உரைநடையில் மூத்தவற்றுள் ஒன்று புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'. ஆயினும் அதன் களம் இலங்கை. அங்குள்ள சட்டங்களின் வரலாறு வேறு. ஆதலின் அதனை இங்கு எடுத்துக்கொள்ளவில்லை.

இந்நாவலில் உண்மையான பகைப்பாத்திரம் யார்? துரை என்பர் சிலர். மேஸ்திரி என்பர் சிலர். எம் கருத்தில் அது கணக்குப் புத்தகமே. கடனாக வந்த சில ரூபாய், கூலி ஏடேறுந்தோறும் குறையாது வளர்கின்றது. நோயுற்ற நாளின் கூலியிழப்பும், தண்டமாகப் பிடித்த தொகையும், உணவுப்பொருளின் விலையும் அதனோடு சேர்கின்றன. குளிரைத் தாங்கத் தந்த கம்பளியின் விலையையும் கூலியிற் பிடிப்பது அக்காலத் தோட்டங்களின் வழக்கம். எழுத்தறியாதவன் எழுத்தால் கட்டுண்ணும் இந்நிலையை டேனியல் மிகையின்றிக் காட்டுகின்றார். வருணனையில் அவர் வல்லவரல்லர்; காதற் பகுதிகள் சில செயற்கையாகவே உள்ளன. ஆனால் கூலி நாளன்று நிகழ்வனவற்றைச் சொல்லும்போது அவர் நடை இறுகி உயர்கின்றது. கணக்கைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உவமை தேவைப்படவில்லை போலும்.

இவ்வேட்டிற்குப் பின்னே ஒரு சட்டமும் நின்றிருந்தது. 1859-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டம், முன்பணம் பெற்றபின் வேலை செய்ய மறுத்த தொழிலாளியின்மேல் முதலாளி நீதிபதியிடம் முறையிட வழி செய்தது. பணத்தைத் திருப்பித் தருக, அன்றேல் ஒப்பிய வேலையைச் செய்க என்று நீதிபதி ஆணையிடுவார். ஆணையை மீறின் மூன்று திங்கள் வரை கடுங்காவல். கடன்முறிவு உரிமை வழக்காகாது குற்ற வழக்காயிற்று என்பதே இதன் சாரம். நம் மரபில் ஆராய்ச்சிமணியை அடித்தது கன்றை இழந்த பசு. இச்சட்டத்திலோ மணியின் கயிறு தேரோட்டியவன் கையில் இருந்தது. 1925-இல் இயற்றிய நீக்கச் சட்டத்தால் அது ஒழிந்தது. கருப்பனின் கதை நிகழ்வதும் ஏறத்தாழ அக்காலத்தேதான். சட்டம் ஏட்டினின்று மறைந்தும் மலையின்மேல் அதன் அச்சம் மறையவில்லை என்பதற்கு நாவலின் ஒவ்வோர் இயலும் சான்று. ஓடியவன் பிடிபட்டு வதைபடுகின்றான். அவனை அடிப்பவனுக்கு எச்சட்டத்தின் துணையும் வேண்டியிருக்கவில்லை.

இத்தொழிலாளர் பேசுவதெல்லாம் ஈ என்னும் இடத்தில் நின்றே. மருந்தையும் விடுப்பையும் மட்டுமன்றித் தாம் உழைத்த கூலியையும் அவர்கள் இரந்தே பெறுகின்றனர். தமக்குரிய பொருளையே இரக்க வேண்டி வரும்போது இரவு என்னும் சொல்லுக்குப் புதியதொரு கொடுமை வந்து சேர்கின்றது. தொல்காப்பியர் கண்ட இழிந்தோன், தனக்கு உரியதல்லாத ஒன்றைக் கேட்பவன். கருப்பனோ தன்னுடையதைக் கேட்பவன்.

நாவலின் பிற்பகுதியில் மருத்துவர் ஆபிரகாம் வருகின்றார். அவர் கண்டு வருந்துகின்றார், வாதிடுகின்றார், சிலவற்றை மாற்றவும் செய்கின்றார். முதுகலை மாணவரிடம் இந்நாவலின் தலைவன் யார் என்று வினவினால், பெரும்பாலோர் அவர் பெயரையே சொல்வர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆசிரியர் கதையை அவ்வாறே திருப்பி விடுகின்றார். முற்பகுதியில் நம் கண்ணெதிரே வாழ்ந்து மடிந்த மக்கள், பிற்பகுதியில் மருத்துவரின் கருணைக்குப் பொருளாகிப் பின்னே ஒதுங்குகின்றனர். தன்மையும் முன்னிலையுமாக இருந்தோர் படர்க்கையாகி விடுகின்றனர். மருத்துவர் நிறுவனத்தை நோக்கிக் கேட்பது 'அவர்களுக்குக் கொடு' என்பதே. அச்சொல்லில் அன்பு உண்டு, துணிவும் உண்டு. எனினும் அது உயர்ந்தோன் கூற்று. கேட்கப்படுவோரைப் பிறராக வைத்துப் பேசும் கூற்று.

ஆசிரியரே மருத்துவராக இருந்தவர்; தொழிலாளர் சங்கம் அமைவதிலும் துணைநின்றவர்; தாம் கண்டதை எழுதியிருக்கின்றார்; இதிற் குறை காண்பது அறமாகுமா என்று வினவுவார் உளர். வாழ்வில் நிகழ்ந்தது என்பது வரலாற்றிற்குப் போதுமான விடை. இலக்கியத்திற்கு அது போதாது. சங்கம் கண்டவர் எழுதிய நாவலில், தொழிலாளர் தம்முள் கூடிப் பேசி ஒன்றைத் துணியும் காட்சி மருத்துவரின் காட்சிகளுக்கு நிகரான இடம் பெறவில்லை என்பதே நம் வினாவை வலுப்படுத்துகின்றது. இக்கதையைத் தழுவிப் பாலா இயக்கிய 'பரதேசி' திரைப்படம் 2013-இல் வந்தது. அதில் ஆபிரகாமைப் போன்ற மருத்துவர் இல்லை, ஆறுதலும் இல்லை. அழுகையோடு அது முடிகின்றது. மருத்துவரை நீக்கினால் மட்டும் தொழிலாளர் வாய் திறந்துவிடார் என்பதை அப்படம் தன்னையறியாமலே காட்டிவிட்டது.

இனிச் சட்டத்திற்கு வருவோம். விடுதலைக்குப்பின், முதற் பொதுத்தேர்தலின் முடிவு வெளியாகுமுன், 1951-ஆம் ஆண்டின் 69-ஆம் சட்டமாகத் தோட்டத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. அது 1954 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. குடிநீரை 8-ஆம் பிரிவும், ஆடவர்க்கும் மகளிர்க்கும் தனித்தனிக் கழிப்பிடத்தை 9-ஆம் பிரிவும், மருத்துவத்தை 10-ஆம் பிரிவும் கூறின. ஐம்பது பெண்கள் வேலைசெய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது 12-ஆம் பிரிவு; வீட்டைப் பற்றியது 15-ஆம் பிரிவு. 17-ஆம் பிரிவு குடை, கம்பளி, மழைச்சட்டை ஆகியவற்றைப் பற்றியது. சட்ட நூலைப் படித்து உள்ளம் உருகுவது அரிது. ஆயின் நாவலைப் படித்தபின் இப்பிரிவுகளைப் படிப்பவர், கருப்பனும் அவன் சுற்றமும் எவை எவை இன்றி மடிந்தனரோ அவற்றின் பட்டியலே இது என்று காண்பர். பிரிவுக்கு ஒரு பிணம் என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம்; நாவலோடு ஒப்பிட்டால் மிகை குறையும்.

இச்சட்டத்தில் மொழியாராய்ச்சியாளர் கருதத்தக்க இடங்கள் இரண்டு உள. ஒன்று, முதலாளி என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கம். தோட்டத்தின்மேல் இறுதி அதிகாரம் உடையவரே முதலாளி. நிருவாகம் மேலாளர் போன்ற பிறரிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பின் அவரே முதலாளியாகக் கருதப்படுவார் என்கின்றது அது. நாவலில் ஒரு சாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் மேஸ்திரி எழுத்தரைக் காட்டுவான். எழுத்தர் துரையைக் காட்டுவார். துரை கடல் கடந்த நிறுவனத்தைக் காட்டுவார். இந்தச் சுட்டுப்பெயர்ச் சங்கிலியை அறுப்பதே அவ்விளக்கத்தின் பயன். 1981-ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் ஒருபடி சென்றது. தோட்ட வீடு இடிந்து தொழிலாளியோ அவர் குடும்பத்தாரோ இறந்தாலும் காயமுற்றாலும், அது குடியிருப்போரின் தவற்றாலோ இயற்கைப் பேரிடராலோ மட்டும் நேர்ந்ததன்று எனின், முதலாளியே இழப்பீடு தரக் கடமைப்பட்டார்.

மற்றோர் இடம் வினைமுற்றில் உள்ளது. குடிநீரைப் பற்றிய பிரிவு 'செய்தல் வேண்டும்' என்னும் வாய்பாட்டினது. கம்பளியைப் பற்றிய பிரிவோ, அரசு விதிகள் 'செய்யலாம்' என்னும் வாய்பாட்டினது. மலைக்குளிரில் நடுங்கியவனுக்கு இவ்விரு வாய்பாட்டிற்கும் உள்ள தொலைவு இலக்கண நுட்பம் அன்று. அதனினும் பெரிது 39-ஆம் பிரிவு. தலைமை ஆய்வாளரின் முறையீட்டின் பேரிலோ, அவரது எழுத்துமூல முன்னிசைவின் பேரிலோ அன்றி எந்நீதிமன்றமும் இச்சட்டக் குற்றத்தை விசாரிக்கலாகாது என்று அப்பிரிவு தடுத்தது. தண்டமோ பொதுவாக மூன்று திங்கள் சிறை, அல்லது ஐந்நூறு ரூபாய், அல்லது இரண்டும் என்ற அளவினது. தேரோட்டியவன் கையிலிருந்த கயிறு அதிகாரியின் கைக்கு மாறியது. பசுவின் கைக்கு வரவில்லை.

இங்கேதான் நாவலும் சட்டமும் ஒன்றையொன்று விளக்குகின்றன. 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கூற்றும் 'அவர்களுக்குக் கொடு' என்பதே. அதில் பேசுவது அரசு, கேட்பது முதலாளி, தொழிலாளி படர்க்கை. மருத்துவர் ஆபிரகாமின் இலக்கணத்திலேயே இளங்குடியரசும் பேசியது. இது வஞ்சகத்தால் நேர்ந்தது என்று யாம் கருதவில்லை. பொருளைத் தந்தால் போதும், குரலைத் தரவேண்டியதில்லை என்று எண்ணும் நல்லெண்ணத்தின் இயல்பே அது. நாவலின் குறையும் சட்டத்தின் குறையும் ஒரே வேரினின்று முளைத்தவை.

சட்டத்தில் அக்குறை நீங்க நெடுங்காலம் ஆயிற்று. 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் 39-ஆம் பிரிவை மாற்றி, தொழிலாளி எவரும், அவர் சார்ந்த சங்கத்தின் பொறுப்பாளரும், ஆய்வாளரும் முறையிடலாம் என்றது. தா என்னும் சொல் அந்தச் சட்டத்துள் நுழைந்த ஆண்டு அதுவே எனலாம். அச்சட்டம் முழுவதும் பின்னர் 2020-ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் அடக்கப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் அத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. ஆய்வாளர் என்னும் பதவிப்பெயரோடு உதவுநர் என்னும் பொருள்படும் சொல்லொன்றும் அதில் சேர்க்கப்பட்டுள்ளது. அவர் யார்க்கு உதவுநர் என்பதைப் பெயர் சொல்லவில்லை.

நாவலுக்குத் திருத்தச் சட்டம் இல்லை. படிப்போர்தாம் வேறுவகையாகப் படித்தல் கூடும். அதற்கு முதற்பணி ஒன்று உண்டு. தொழிலாளர் நெல்லைத் தமிழிற் பேசியதை டேனியல் ஆங்கிலமாக்கினார். முருகவேள் அதனை மீண்டும் தமிழாக்கினார். ஈ, தா, கொடு என்னும் வேறுபாட்டைச் சொல்லால் காட்டும் வழி ஆங்கிலத்தில் இல்லை. ஆதலின் தமிழ்ப் பதிப்பில் ஒவ்வொரு கேட்புச் சொல்லையும் தெரிந்தெடுத்தவர் மொழிபெயர்ப்பாளரே. கூலி நாள் காட்சிகளில் கருப்பன் எச்சொல்லாற் கேட்கின்றான், கேளாது எங்கே நிற்கின்றான் என்பதை மூலத்தோடு ஒப்பிட்டுத் தொகுப்பார் ஒருவர் வருவாராயின், ஆபிரகாமின் பேச்சுக்கடியில் அமிழ்ந்து கிடக்கும் வேறொரு நாவல் வெளிப்படக்கூடும்.