விசுவாசத்துக்கு ஏணி எதற்கு?

அமெரிக்க முற்போக்குத் திருச்சபைகளில் பெரியவர்களின் ஆன்மிக வளர்ச்சி பற்றிப் பேசினால், ஜேம்ஸ் ஃபவுலர் பெயர் அடிக்கடி வரும். மெதடிஸ்ட் போதகராகவும், அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் இருந்தவர். 359 பேரைப் பேட்டி எடுத்து, 1981இல் 'ஸ்டேஜஸ் ஆஃப் ஃபெய்த்' நூலில் விசுவாசம் வளர்வதை ஆறு நிலைகளாகப் பிரித்தார்.

மூன்றாவதில் நம்மைச் சுற்றியுள்ளோர் நம்புவதையே நம்புகிறோம். நான்காவதில் அதை நாமே சோதிக்கிறோம். நாற்பது வயதில் "இதையெல்லாம் நான் நிஜமாவே நம்புறேனா?" என்று கேட்பவருக்கு இந்த வரைபடம் பெரிய ஆறுதல். சந்தேகமும் வளர்ச்சிதான்.

சிக்கலும் அங்கேதான். நிலைன்னு எண் போட்டதுமே அது ஏணியாகிவிடுகிறது. கேள்வி கேட்பவர் மேலே, கற்றுக்கொடுத்தபடியே ஜெபிக்கிற பாட்டி கீழே. இதை மனிதரின் மதிப்பை அளக்கப் பயன்படுத்தாதீர்கள் என்று ஃபவுலரே எச்சரித்திருக்கிறார்.

இன்னொன்றையும் கவனிங்க. ஐந்தாம் நிலையில், பிரித்துப் போட்ட சடங்குகளும் கதைகளும் புது அர்த்தத்தோடு திரும்பி வருகின்றன. அப்படின்னா, சந்தேகத்தோடு நின்றுவிடும் வகுப்பு அவர் கணக்கிலேயே பாதி வழிதான். மீதி வழிக்கு அந்தப் பாட்டியையும் பேச விட வேண்டும்.